வெறுப்புக் குற்றங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமான அதில், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சோர்வு கூடாது என்றும், எழுதுபவர் நீதத்துடன் எழுத வேண்டும் என்றும், சாட்சிகள் அழைக்கப்பட்டால் பின்வாங்கலாகாது என்றும் அல்லாஹ் நமக்குக் கற்பிக்கின்றான். நினைவு பிசகும், வலுத்தவன் சொல்வதே உண்மையென நிலைபெற்றுவிடும், எளியவனின் உரிமை காற்றில் கரைந்துவிடும். ஆகவேதான் எழுத்து. பொருளுக்கே இத்தனை கவனம் வேண்டுமெனில், மனிதனின் உயிருக்கும் உடலுக்கும் மானத்துக்கும் இழைக்கப்படும் தீங்கை எழுதிவைப்பதில் எத்தனை கவனம் வேண்டும்?

இக்கேள்வியை நாம் நம் நாட்டை நோக்கி எழுப்புகிறோம். ஒருவர் தம் மதத்தின் பொருட்டோ, சாதியின் பொருட்டோ, மொழியின் பொருட்டோ தாக்கப்பட்டால், அத்தாக்குதல் எவ்வாறு பதியப்படுகிறது? பதிந்த பின் அரசு என்ன செய்கிறது? பதியப்படாவிட்டால் யாருக்கு இழப்பு?

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வெறுப்புக் குற்றம் என்பது மனத்தில் வெறுப்பு கொண்டிருப்பதைக் குறிப்பதன்று. அடித்தல், கொலை செய்தல், தீ வைத்தல், கடையைச் சூறையாடல் என ஏற்கெனவே சட்டம் குற்றமென வகுத்துள்ள ஒரு செயல் நிகழ்ந்திருக்க வேண்டும். அச்செயலுக்கு இலக்கானவர் தம் அடையாளத்தின் பொருட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் அது வெறுப்புக் குற்றம். வழிப்பறியில் அடிபட்டவர் வீடு திரும்பினால் அவர் குடும்பம் அஞ்சும். தொப்பி அணிந்ததற்காக ஒருவர் அடிபட்டால் அன்று மாலை தொப்பி அணியும் அனைவரும் அஞ்சுவர். செருப்பணிந்து நடந்ததற்காக ஒருவர் அடிபட்டால் ஒரு குடியிருப்பே அஞ்சும். அடி ஒருவர் மேல் விழுகிறது; எச்சரிக்கையோ ஒரு சமுதாயத்திற்கே அனுப்பப்படுகிறது. எனவேதான் இதைத் தனியாக எண்ண வேண்டும் என்கிறோம்.

நம் மாவட்டத்தின் மூன்று நினைவுகள்

தேனி மாவட்டம் 1996இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டது. கூடலூர் முதல் சின்னமனூர் வரை முல்லைப் பெரியாற்று நீரில் செழிக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக உள்ளன. மலையேறினால் மலையாளம். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து படித்து வெளியேறியுள்ளனர். இணக்கமாக வாழத் தெரிந்த மண் இது. இம்மண்ணிலும் வெறுப்பு மூன்று வேறு உடைகளில் வந்து போயிருக்கிறது.

முதலாவது, சாதி. 1989இல் போடிநாயக்கனூர் வட்டாரத்தில் சாதிக் கலவரம் மூண்டது. உயிர்கள் பலியாயின, வீடுகள் எரிந்தன, அதன் வடு ஒரு தலைமுறைக்கும் மேலாக நீடித்தது.

இரண்டாவது, மொழியும் மாநிலமும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை உச்சத்தை எட்டியபோது, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் கூலிவேலை செய்த தமிழர்கள் தாக்கப்பட்டனர், அச்சுறுத்தப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் இரவோடிரவாக மலையிறங்கித் தேனி மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். இப்பக்கமோ, மலையாளிகளின் கடைகளும் உடைமைகளும் தாக்குதலுக்கு உள்ளாயின. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் மக்கள் குமுளியை நோக்கித் திரண்டனர். தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. எல்லைப் பாதை அடைபட்டது. அணையின் நீர்மட்டம் பற்றிய வழக்கில் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 142 அடி வரை நீரைத் தேக்க வழிவகுத்தது. நீரின் அளவுக்குத் தீர்ப்புக் கிடைத்தது. தோட்டத்தில் அடிபட்ட தமிழ்ப் பெண்ணும், கம்பத்தில் கடையிழந்த மலையாளி வணிகரும் எத்தனை பேர் என்பதற்கு வெறுப்புக் குற்றம் என்ற தலைப்பில் இரு மாநிலங்களிலும் ஒரு கணக்கு இல்லை.

மூன்றாவது, நம்மை நேரடியாகத் தொடுவது. 2018 மே மாதத் தொடக்கத்தில், பெரியகுளம் அருகே பொம்மிநாயக்கன்பட்டியில் தலித் மக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மோதல் வெடித்தது. தலித் மூதாட்டி ஒருவரின் இறுதி ஊர்வலம் முஸ்லிம்கள் வாழும் தெரு வழியாகச் செல்வது தொடர்பான தகராறே அதன் தொடக்கம். இரு தரப்பிலும் பலர் காயமடைந்தனர். வீடுகளும் வாகனங்களும் சேதமாக்கப்பட்டன. அடுத்த சில நாள்களிலேயே, இரண்டு எளிய சமுதாயங்களின் காயத்தில் அரசியல் ஆதாயம் தேடுவோர் அவ்வூர்ப் பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்றனர்.

மூன்று நிகழ்வுகளிலும் ஒரே கேள்வி நிற்கிறது. அடித்தவர் ஏன் அடித்தார் என்பது அரசின் ஏட்டில் எங்கே எழுதப்பட்டுள்ளது?

எந்தப் பெட்டியில் போடுகிறார்கள்?

காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையில் சட்டப் பிரிவுகள் இருக்கும்: கலவரம், காயம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல், சொத்துக்குச் சேதம். இவை என்ன நடந்தது என்பதைச் சொல்கின்றன. ஏன் நடந்தது என்பதைச் சொல்வதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கலவரங்களைச் சில காரணங்களின்படி பிரித்துக் காட்டுகிறது. அதன்படி மத, வகுப்புவாதக் கலவர வழக்குகள் 2020இல் 857, 2021இல் 378, 2022இல் 272. இவ்வெண்கள் குறைந்துவருவதைக் கண்டு ஆறுதல் கொள்ளலாமா? கலவரம் என்று சட்டம் ஏற்க ஐந்து பேராவது கூடியிருக்க வேண்டும். பேருந்தில் தனியே செல்லும் ஒருவரை இருவர் அவர் பெயரைக் கேட்டு அடித்தால் அது கலவரக் கணக்கில் வராது, வெறும் காயமாகிவிடும். அதே காப்பகத்தின் பிரிவுகளில் தண்ணீர்த் தகராறு என்றும் ஒரு பெட்டி இருக்கிறது. 2011இல் நடந்தது இன்று நடந்தால், மொழியின் பொருட்டு ஒருவர் பட்ட அடி தண்ணீர்க் கணக்கில் போய் அமர்ந்துகொள்ளும்.

கும்பல் கொலைகள் நாட்டை உலுக்கிய ஆண்டுகளில், இக்காப்பகம் ஒரு நல்ல முயற்சியைத் தொடங்கியது. கும்பல் கொலை, மதக் காரணத்துக்கான கொலை முதலியவற்றைத் தனித்தனியே திரட்ட முற்பட்டது. ஆனால் 2017ஆம் ஆண்டுக்கான அறிக்கை நீண்ட தாமதத்துக்குப் பின் 2019 அக்டோபரில் வெளிவந்தபோது, அவ்விவரங்கள் அதில் இல்லை. வரையறைகள் தெளிவாக இல்லை, வந்த விவரங்கள் நம்பத்தக்கவையல்ல, எனவே திரட்டுவது நிறுத்தப்பட்டது என்று பின்னர் நாடாளுமன்றத்தில் உள்துறை விளக்கம் அளித்தது. போடி ஏலக்காய் ஏலத்தில் தராசு பழுதுபட்டால் தராசைச் சரிசெய்வார்கள். இனிமேல் காயை நிறுக்கவே மாட்டோம் என்று எவரும் சொல்வதில்லை. வரையறை தெளிவில்லையெனில் தெளிவான வரையறையை எழுதியிருக்க வேண்டும்.

இதற்கிடையே 2018 ஜூலை 17 அன்று, கும்பல் வன்முறை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான கட்டளைகளைப் பிறப்பித்தது. மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் பொறுப்பு அதிகாரியாக இருக்க வேண்டும்; வழக்கை இயன்றவரை ஆறு மாதங்களில் முடிக்க வேண்டும்; பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டும்; கடமை தவறும் அலுவலர் மீது நடவடிக்கை வேண்டும் என்றது. தனிச்சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்துக்கும் பரிந்துரைத்தது. அதே 2018 மே மாதத்தில்தான் நம் மாநிலத்திலும், குழந்தை கடத்துவோர் என்ற வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியும் பழவேற்காட்டில் வீடற்ற ஒரு மனிதரும் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டிருந்தனர். வடநாட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை முதலிய காரணங்களால் செய்யும் கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கிறது. 117ஆம் பிரிவு, அவ்வாறே கூடிக் கொடுங்காயம் விளைவிப்பதற்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. காரணம் என்பதைச் சட்டம் பெயர் சொல்லி ஏற்றது ஒரு முன்னேற்றம். ஆயினும் மதம் என்ற சொல் அப்பட்டியலில் நேரடியாக இல்லை. ‘சமூகம்’, ‘நம்பிக்கை’ என்பவற்றுள் அதைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நால்வர் சேர்ந்து கொன்றால் இப்பிரிவு பொருந்தாது. கடையை எரித்தால் பொருந்தாது. ஆகவே சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. கணக்கேடோ இன்னும் மூடியே கிடக்கிறது.

பதிந்தால் என்ன கிடைக்கும்? நம் நாட்டிலேயே விடை உண்டு

இந்தியாவில் இதெல்லாம் நடக்காது என்பார் சிலர். நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. போடியில் கலவரம் நடந்த அதே 1989இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படி பதியப்படும் வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவர் புலனாய்வு செய்ய வேண்டும். சிறப்பு நீதிமன்றம் உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு நிவாரணம் என்பது விதிகளில் அட்டவணையாகவே இருக்கிறது. வேண்டுமென்றே கடமை தவறும் அரசு அலுவலருக்குத் தண்டனை உண்டு. முதலமைச்சர் தலைமையில் ஆண்டுக்கு இருமுறையும், ஆட்சியர் தலைமையில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் கண்காணிப்புக் குழு கூட வேண்டும். ‘சாதியின் பொருட்டே செய்தான்’ என்று மெய்ப்பிக்கும் பாரம் பெரிதாக இருந்ததால், கடுமையான குற்றங்களைப் பொறுத்தவரை, பாதிக்கப்பட்டவர் இன்னார் என்பதை அறிந்து செய்தாலே போதும் என 2015இல் திருத்தமும் செய்யப்பட்டது.

2022இல் நாடெங்கும் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களாக 57,582 வழக்குகள் பதியப்பட்டன. இவ்வெண் நாட்டுக்கு அவமானம் என்பார்கள். அவமானம்தான், ஆனால் இவ்வெண் இருப்பதால்தான் எந்த மாவட்டத்தில் கொடுமை மிகுதி, எங்கே வழக்குகள் தேங்குகின்றன, எத்தனை பேர் விடுதலையாகின்றனர் என்று சட்டமன்றத்தில் கேட்க முடிகிறது. எண் இல்லாத துயரத்துக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இச்சட்டத்தின் எல்லையையும் நாம் அறிய வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதி என்ற தகுதி இந்துக்களுக்கும், பின்வந்த திருத்தங்களால் சீக்கியருக்கும் பௌத்தருக்கும் மட்டுமே உரியது. இஸ்லாத்தைத் தழுவிய தலித் சகோதரர், நேற்று வரை அவரை எந்தச் சாதியைச் சொல்லி இழித்தார்களோ அதே சொல்லால் இன்றும் இழிக்கப்பட்டாலும், இச்சட்டத்தின் நிழலில் அவருக்கு இடமில்லை. அவர் பட்ட அடி எந்தக் கணக்கிலும் இல்லை.

பிற நாடுகளின் எண்கள் சொல்வது

அமெரிக்காவில் 1990இலேயே வெறுப்புக் குற்றப் புள்ளிவிவரச் சட்டம் வந்தது. அந்நாட்டுக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு 2022ஆம் ஆண்டுக்கு முதலில் வெளியிட்ட எண் 11,634 நிகழ்வுகள். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2023 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் காவல்துறை பதிந்தவை 145,214. அமெரிக்காவின் மக்கள்தொகை 33 கோடிக்கு மேல்; இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 6 கோடி. ஆங்கிலேயர்கள் அமெரிக்கரைவிடப் பன்மடங்கு வெறுப்பு மிகுந்தவர்கள் என்று இதற்குப் பொருளா? இல்லை. அமெரிக்காவில் உள்ளூர்க் காவல்துறைகள் விவரம் அனுப்புவது கட்டாயமன்று; அனுப்புவோரிலும் பெரும்பாலோர் சுழியம் என்றே எழுதி அனுப்புகின்றனர். இங்கிலாந்திலோ எல்லாக் காவல் படைகளும் எண்ணுகின்றன. எண் பெரிதாக இருப்பது பல வேளைகளில் நேர்மையின் அடையாளம்; சுழியம் பல வேளைகளில் மௌனத்தின் அடையாளம்.

இங்கிலாந்து இந்நிலைக்கு எளிதாக வந்துவிடவில்லை. 1993 ஏப்ரல் 22 அன்று இலண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் பேருந்து நிறுத்தத்தில் குத்திக் கொல்லப்பட்டார். காவல்துறை புலனாய்வில் சறுக்கியது. பெற்றோர் விடாது போராடினர். 1999இல் வெளிவந்த மக்பர்சன் அறிக்கை, அக்காவல்துறையில் இனவெறி நிறுவனமாகவே ஊறியிருப்பதாகக் கூறியது. பாதிக்கப்பட்டவரோ வேறொருவரோ ஒரு நிகழ்வை இனவெறி சார்ந்தது எனக் கருதினால், தொடக்கத்திலேயே அவ்வாறு பதிந்து அந்தக் கோணத்திலும் விசாரிக்க வேண்டும் என்ற நடைமுறைக்கு அதுவே வித்திட்டது. பதிவது தீர்ப்பன்று, விசாரணைக்கான திசைகாட்டி.

நியூசிலாந்து நமக்கு இன்னும் நெருக்கமான துயரம். 2019 மார்ச் 15, ஜும்ஆ நாள். கிறைஸ்ட்சர்ச் நகரின் இரு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். பின்னர் அமைந்த அரச விசாரணை ஆணையம், 2020 டிசம்பரில் வெளியான அறிக்கையில், வெறுப்பு நோக்கத்துடன் செய்யப்படும் குற்றங்களைக் காவல்துறை முறையாகப் பதியும் ஏற்பாடு இருக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, அதைச் சீர்செய்யுமாறு பரிந்துரைத்தது. ஹிஜாபைப் பிடித்திழுப்பதும், பள்ளிவாசல் வாசலில் அசிங்கம் வீசுவதும் தனித்தனியே பார்த்தால் சில்லறைச் சம்பவங்கள். ஒன்றாக அடுக்கிப் பார்த்தால்தான் எங்கே தீ மூளப்போகிறது என்பது தெரியும். அடுக்கிப் பார்க்க ஏடு வேண்டும்.

மறுப்புகளுக்குப் பதில்

பெயரிட்டுப் பதிந்தால் பகை வளருமே, சமாதானம் பேசி முடிப்பதே நல்லதன்றோ என்று நம்மவரே கேட்பதுண்டு. சமாதானம் சிறந்தது என்பது இறைவாக்கு, அதில் ஐயமில்லை. ஆனால் நம் பகுதியில் சமாதானக் கூட்டம் எவ்வாறு நடக்கிறது? கோட்டாட்சியர் அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ இரு தரப்பு முக்கியஸ்தர்களும் அழைக்கப்படுகின்றனர். இனி இப்படி நடக்காது என்று தாளில் கையொப்பம் இடுகின்றனர். அடிபட்டவர் அந்த அறையில் இருப்பதே அரிது. வழக்கு வேண்டாமே என்று அவரிடம் பிறகு சொல்லப்படுகிறது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 9ஆம் வசனம், சண்டையிடும் இரு தரப்பாரிடையே இணக்கம் ஏற்படுத்தும்போது நீதத்துடன் ஏற்படுத்துமாறு பணிக்கிறது. நீதமற்ற இணக்கம் அடுத்த மோதலுக்கான ஒத்திவைப்பு.

பொய்ப் புகார்கள் பெருகும் என்பது இரண்டாவது அச்சம். எல்லாச் சட்டங்களிலும் பொய்ப் புகார் வரும். அதனால்தான் பதிவு வேறு, மெய்ப்பித்தல் வேறு என்கிறோம். உண்மையில் பொய்க்கு எதிரான நல்ல மருந்தும் ஆவணமே. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் வடநாடெங்கும் பரவின. தமிழகக் காவல்துறை ஒவ்வொரு காணொளியின் உண்மையையும் வெளியிட்டு மறுத்தது. பீகாரிலிருந்து குழுவும் வந்து பார்த்துச் சென்றது. நம்பத்தக்க பதிவு இருக்குமிடத்தில் வதந்திக்கு ஆயுள் குறைவு.

மூன்றாவது அச்சம் மெய்யான அச்சம்: இத்தகைய சட்டம் நமக்கு எதிராகவே திருப்பப்படாதா? இலங்கையில், வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் விதியைக் கொண்ட 2007ஆம் ஆண்டுச் சட்டம், 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் காக்கவில்லை. அதே சட்டத்தின் கீழ் 2020இல் ஒரு முஸ்லிம் எழுத்தாளர் முகநூல் பதிவுக்காகக் கைது செய்யப்பட்டார். அவருடைய உரிமை மீறப்பட்டது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலும், குற்றமே ஆகாத பேச்சுகளைக் காவல்துறை பதிந்துவைத்தது தவறென 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டித்தது. ஆகவே நம் கோரிக்கை குறுகலானது. குறுகலாக இருப்பதே அதன் பாதுகாப்பு. பேச்சையும் எண்ணத்தையும் எண்ணச் சொல்லவில்லை. நிகழ்ந்துவிட்ட குற்றத்தின் காரணத்தை எழுதச் சொல்கிறோம்.

பதிவு மட்டும் போதாது என்பதையும் மறக்கவில்லை. 2017இல் ராஜஸ்தானின் அல்வர் அருகே, சந்தையில் வாங்கிய மாடுகளை ஏற்றிச்சென்ற ஒரு முஸ்லிம் விவசாயி கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். தாக்குதல் காணொளியாகவே பதிவாகியிருந்தது. 2019 ஆகஸ்டில் விசாரணை நீதிமன்றம் ஆறு பேரைச் சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்தது. புலனாய்வில் இருந்த ஓட்டைகள் அத்தீர்ப்பிலேயே சுட்டப்பட்டன. இதற்கிடையே அடிபட்ட குடும்பத்தின் மீதே மாடு கடத்திய வழக்கும் போடப்பட்டு, பின்னர் உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்ய வேண்டியிருந்தது. முதல் நாளில் எழுதப்படும் தாள் சரியாக இல்லையெனில், கடைசி நாளில் நீதிபதியின் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

அரசிடம் கேட்பவை

தமிழ்நாடு இதில் முன்நின்று வழிகாட்ட முடியும். தில்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முதல் தகவல் அறிக்கை ஏற்றப்படும் கணினியில், ‘அடையாளத்தின் பொருட்டு நிகழ்ந்ததாகப் புகார்தாரர் கருதுகிறாரா’ என்ற ஒரு கட்டம் வேண்டும். ஆம் எனில் எந்த அடையாளம் என்பதும், புலனாய்வு முடிவில் அது உறுதியானதா என்பதும் குறிக்கப்பட வேண்டும். 2018 தீர்ப்பின்படியான பொறுப்பு அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும் கம்பம் முதல் ஆண்டிபட்டி வரை ஒவ்வொரு காவல் நிலையப் பலகையிலும் தமிழில் எழுதப்பட வேண்டும். சமாதானக் கூட்டம் முதல் தகவல் அறிக்கைக்குப் பின் நடக்கலாம். அதற்குப் பதிலாக நடக்கலாகாது. ஆண்டுக்கு ஒருமுறை, மாவட்ட வாரியாக, புகார் எத்தனை, குற்றப்பத்திரிகை எத்தனை, தண்டனை எத்தனை, நிவாரணம் எவ்வளவு என்பதை அரசு வெளியிட வேண்டும். அதில் மதம் மட்டுமன்றி, சாதி, மொழி, பிறந்த மாநிலம், பாலினம், மாற்றுத்திறன் அனைத்தும் இடம்பெற வேண்டும்.

ஜமாஅத்துகளிடம் கேட்பவை

நிக்காஹ் தப்தரை நம் ஜமாஅத்துகள் எத்தனை செம்மையாகப் பேணுகின்றன! மஹர் எவ்வளவு, சாட்சிகள் யார், வலீ யார் என்று பல்லாண்டுக்கு முந்தைய திருமணத்தையும் எடுத்துக் காட்ட முடிகிறது. அதே ஒழுங்குடன் இன்னொரு பதிவேட்டையும் தொடங்குவோம். நாள், நேரம், இடம், நடந்தது என்ன, கண்டவர் யார், தாக்கியவர் என்ன சொல்லித் தாக்கினார் என்பவற்றை அன்றே எழுதுவோம். காரணத்தை மெய்ப்பிக்கப் பெரும்பாலும் அந்தச் சொற்களே சான்று. காயம்பட்டவரை முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, விபத்துப் பதிவேட்டில் எழுதச்செய்து, அதன் நகலைப் பெற வேண்டும். காவல் நிலையத்தில் புகாரை எழுத்தில் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதாவது இல்லாமல் திரும்பலாகாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை. பதிய மறுத்தால் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பச் சட்டம் வழி தருகிறது. அதன்பின் நீதிமன்றம் இருக்கிறது. கட்டணம் செலுத்த இயலாதோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி உண்டு. இப்பணியில் படித்த நம் சகோதரிகளை ஈடுபடுத்துவது இன்றியமையாதது. தெருவில் இழிவுக்கு ஆளாகும் பெண் ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் வந்து அதைச் சொல்லமாட்டாள்.

செய்தி வந்ததும் கைப்பேசியில் பரப்புவதற்கு முன் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. உறுதி செய்யாத ஒரு குரல்பதிவு, உண்மையில் அடிபட்ட பத்துப் பேரின் புகாரையும் பொய்யாக்கிவிடும்.

இன்னொன்று, மிக முக்கியமானது. நம் பதிவேட்டில் நம்மவர் பட்ட அடி மட்டும் இருந்தால் அது கணக்கேடாகாது, கட்சி ஏடாகும். நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவே ஆயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதத்திலிருந்து விலக்கிவிடலாகாது என்று அல்மாயிதாவின் 8ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஆகவே பொம்மிநாயக்கன்பட்டி போன்ற ஒரு வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் முஸ்லிம்கள் என்பதற்காக, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தளர்த்துமாறு கோருவோருடன் நாம் சேர முடியாது. யார் தொடங்கினார், யார் மிகைசெய்தார் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். எரிந்த வீடு முஸ்லிமுடையதாயினும் தலித்துடையதாயினும் முழுமையாகப் பதியப்பட வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

இறுதி ஊர்வலத்தைப் பொறுத்தமட்டில் நம் மார்க்கம் நமக்கு ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. மதீனாவில் ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதரின் ஜனாஸா ஆயிற்றே என்று தோழர்கள் கூறினர். அதுவும் ஓர் உயிர்தானே என்ற பொருளில் அண்ணலார் மறுமொழி தந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நிகழ்வு இது. நம் தெரு வழியே எவருடைய பாடை சென்றாலும் நாம் அறிந்த மரியாதை எழுந்து நிற்பதுதான். இதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிவைத்தால், நாளை ஒரு முதல் தகவல் அறிக்கைக்கே தேவையிராது.

நபித்துவத்துக்கு முன் மக்காவில், வெளியூர் வணிகர் ஒருவர் ஏமாற்றப்பட்டபோது, அநீதிக்குள்ளானவர் யாராயினும் அவர் பக்கம் நிற்பதெனக் குலத்தலைவர்கள் சிலர் உடன்படிக்கை செய்தனர். ஹில்ஃபுல் ஃபுளூல் எனப்படும் அவ்வுடன்படிக்கையில் இளைஞராகப் பங்கேற்ற நபி (ஸல்) அவர்கள், பிற்காலத்திலும் அதைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள். தலித் அமைப்புகள், கிறிஸ்தவச் சபைகள், விவசாய சங்கங்கள், மலையேறிச் செல்லும் தோட்டத் தொழிலாளர்கள் ஆகியோருடன் சேர்ந்து அத்தகைய ஓர் உடன்பாட்டை இப்பள்ளத்தாக்கிலும் செய்துகொள்ள முடியும்.

அதற்கான முதல் அடி மிகச் சிறியது. திங்கட்கிழமை தோறும் தேனி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. நம் மாவட்டத்துக்கான பொறுப்பு அதிகாரி யார், இதுவரை அவரிடம் வந்த புகார்கள் எத்தனை, அவற்றின் நிலை என்ன என்று கேட்டு ஒரு பக்க மனு எழுதுவோம். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம் ஜமாஅத்துகள் கையொப்பமிடட்டும். அதே தாளில் சகோதரச் சமுதாயத்தாரும் கையொப்பமிடட்டும். மனு எண்ணைக் குறித்துக்கொள்வோம். பதில் வரும்வரை, இன்ஷா அல்லாஹ், கேட்டுக்கொண்டே இருப்போம்.